கையொப்பம் யாருடையது?

மருத்துவம், சட்டம், சமயம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

(இந்த இதழில் பழைய வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்கள் இடம்பெறுகின்றன. கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

கேள்வி: எங்கள் தந்தையாருக்கு வயது 78. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வாரங்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் கருவியை எடுத்துவிடலாமா என்று கேட்டால், "சட்டம் அதற்கு இடம் கொடுக்காது; வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தபோது, "எனக்குக் குழாயெல்லாம் சொருகிப் படுக்கப் போட்டுவிடாதீர்கள்" என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். என் அண்ணனோ, பெற்றவர் மூச்சைப் பிள்ளையே நிறுத்துவது பாவம் என்கிறார். இது குற்றமா, பாவமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: சட்டம் இடம் கொடுக்காது என்று உங்களிடம் சொன்னது சரியல்ல. 2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நோயாளிக்கு, சாவை மட்டும் தள்ளிப்போடும் சிகிச்சையை நிறுத்தவோ, தொடங்காமல் விடவோ அந்தத் தீர்ப்பு வழி செய்தது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். தென் மாவட்டங்கள் சிலவற்றில், முதியவரை எண்ணெய்க் குளியலாட்டிச் சாகச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்று கேள்விப்படுகிற வழக்கமும், எத்தனை பேர் அதைக் கருணை என்று சொன்னாலும், சட்டத்தின் முன் கொலைதான். உங்கள் தந்தையாருக்கு நீங்கள் கேட்பது இந்த இரண்டில் எதுவும் அன்று.

2018இல் வகுக்கப்பட்ட நடைமுறை மிகக் கடுமையானதாக இருந்ததால் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போதுள்ள வழி இதுதான்: சிகிச்சையளிக்கும் மருத்துவரும், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு நோயாளியைப் பரிசோதித்து, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு அதைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு குழுவும் ஒத்துக்கொண்டு, குடும்பத்தாரும் எழுத்தில் சம்மதித்தால், முடிவைச் செயல்படுத்துமுன் குற்றவியல் நடுவருக்கு மருத்துவமனை தகவல் தெரிவிக்கிறது. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நோயாளி முன்கூட்டியே எதையும் எழுதி வைக்காத நிலையிலும் இதே வழி பொருந்தும். ஆகவே நீங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு, "2023ஆம் ஆண்டு உத்தரவின்படி முதல் மருத்துவக் குழுவை அமைக்கக் கோருகிறோம்" என்று எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுத்துவிடுவார்கள். அண்டை மாநிலமான கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கென்றே சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. நம் மருத்துவமனைகளும் இதை அறியாதவையல்ல, வழக்கு வந்துவிடுமோ என்று தயங்குகின்றன என்பதே என் கணிப்பு.

கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர் அறிவுரையை மீறி அழைத்துச் செல்வதாகக் குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்சில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரோடு, வீட்டு வாசலில் மூச்சு நின்றால் போதும் என்று புறப்படுவது நம் பக்கத்தில் அன்றாடக் காட்சி. வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்பது நம் மக்களின் ஆழ்ந்த ஆசை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு தாளில், முடிவு முழுவதும் குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. மருத்துவமனை கை கழுவிக்கொள்கிறது. நோயாளிக்கு மூச்சுத் திணறலுக்கோ வலிக்கோ மருந்து கொடுக்க வழியில் ஆள் இல்லாமல் போகிறது. சட்டம் காட்டும் வழியில் போனால், கருவியை எடுத்த பிறகும் வலி தணிக்கும் சிகிச்சை தொடரும். மார்பின் போன்ற மருந்துகள் கிடைப்பதை எளிதாக்க, போதைப்பொருள் சட்டமே 2014இல் திருத்தப்பட்டது. வீட்டுக்கு அழைத்துச் செல்வதானாலும் அந்த மருந்தும், கொடுக்கத் தெரிந்த ஒரு செவிலியரும் இல்லாமல் அழைத்துச் செல்லாதீர்கள்.

இனி உங்கள் அண்ணன் எழுப்பும் பாவம். இந்து சமயத்தில் இப்படிப்பட்ட கேள்விக்கு இறுதி விடை சொல்லும் ஒரே பீடம் என்று ஒன்று இல்லை. அனுபவிக்க வேண்டிய வினையை நடுவில் அறுத்தால் மிச்சம் மறுபிறவிக்குத் தொடரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார். அந்த நம்பிக்கையை நான் எள்ளவில்லை. ஆனால் விதித்த நாளை மதிக்கிறவர், அந்த நாளைக் கருவியால் தள்ளிப்போடுவதையும் அதே கண்டிப்போடு கேள்வி கேட்க வேண்டும் அல்லவா? உயிர் விஷயத்தில் மிகக் கண்டிப்பான நிலை எடுக்கும் கத்தோலிக்கத் திருச்சபையிலும், போப்பாண்டவர் 12ஆம் பியூஸ் 1957இல் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது, இயல்பான சிகிச்சையைக் கொடுக்கக் கடமை உண்டு, இயல்புக்கு மிஞ்சிய சிகிச்சையைத் தொடரக் கடமை இல்லை என்று தெளிவாக்கினார். அண்ணனிடம் வாதாடுவதை விட, "நம் விருப்பம் இருக்கட்டும், அப்பா என்ன சொன்னார்?" என்ற ஒரு கேள்வியை அவர்முன் வையுங்கள். அவர் சொன்னதைக் கேட்ட உறவினர், நண்பர் எவரேனும் இருந்தால் அவர்களையும் மருத்துவக் குழுவின் முன் சொல்லச் செய்யுங்கள். செலவும் ஒரு காரணம் என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐ.சி.யூ. கட்டணம் நெசவுக் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கும்போது அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அது முதல் காரணமாக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சங்கடம் வராதபடி இப்போதே எழுதி வைக்க முடியுமா?
— வாசகி, காட்பாடி

பதில்: முடியும். 'லிவிங் வில்' எனப்படும் முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை, 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருக்கும் எவரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதையும், நீங்கள் பேச முடியாத நிலையில் உங்கள் சார்பில் முடிவைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். 2018இல் நீதித்துறை நடுவர் முன்பு போக வேண்டியிருந்தது. 2023இல் அந்தச் சிரமம் நீங்கிவிட்டது. ஒரு நகலை குடும்ப மருத்துவருக்கும், ஒன்றை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரிக்கும் கொடுக்கலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டால் பயனில்லை. பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ரமலானில் ஒரு நோன்பும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். போன ஆண்டு மயங்கி விழுந்துவிட்டார். மேலும், அவருக்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஊசிமருந்து பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாக யாரோ சொல்லிவிட, அதையும் வேண்டாம் என்கிறார். மார்க்கத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் நாங்கள் தவிக்கிறோம்.
— வாசகர், மேல்விஷாரம்

பதில்: மார்க்கத்துக்கும் மருத்துவத்துக்கும் இங்கே சண்டையே இல்லை. நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில், திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள், நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தருகின்றன. பிறகு குணமானால் விட்ட நோன்புகளைத் திரும்ப நோற்று, அதாவது களா செய்து, ஈடுகட்டலாம்; குணமாக வழியில்லாதவர், ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கலாம். இதை மகன் சொன்னால் தாயார் கேட்கமாட்டார் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. உங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) அழைத்துப் போங்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ பேர் இருப்பார்கள். சலுகையை ஏற்பதும் வணக்கம்தான் என்று அவர்கள் வாயால் கேட்டால் மனம் ஆறும்.

ஆனாலும், அவர் முற்றிலும் நோன்பு வைக்கவே கூடாது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே போய்க் கேட்க வேண்டும். மாத்திரையை மட்டும் நம்பியிருக்கும் பலர், வேளையையும் அளவையும் மாற்றிக்கொண்டு நோன்பு வைக்கிறார்கள். இரண்டு வேளை இன்சுலினும், முன்பு மயங்கி விழுந்த வரலாறும் உள்ளவரோ ஆபத்து அதிகம் உள்ள பிரிவைச் சேர்ந்தவர். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே ஆலிம்களின் பொதுவான கருத்து. இது தெரியாமல் பகல் முழுவதும் பார்க்காமலே இருந்துவிடுகிறவர்கள் பலர். சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ அந்தக் கணமே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இஃப்தாருக்கு இன்னும் அரை மணிதானே என்று காத்திருந்து விழுந்தவர்கள் உண்டு.

ஊசிமருந்து விஷயத்தில் தாயார் கேள்விப்பட்டது பொய்யல்ல. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதை மறைக்காதீர்கள், மறைத்தால் அடுத்த மருந்தையும் நம்பமாட்டார். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்று அதே அத்தியாயத்தின் 173ஆம் வசனம் விலக்கு அளிக்கிறது. வேறு மருந்து இல்லாதபோது இத்தகையதை ஏற்கலாம் என்று ஆலிம்கள் பலர் இதைக் கொண்டே விளக்குகிறார்கள். அதோடு, விலங்கிலிருந்து எடுக்காமல் செயற்கையாகவே தயாரிக்கப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற மாற்று மருந்தும் உண்டு. அது தாயாரின் சிறுநீரக நிலைக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்ச வேண்டாம். மருந்தின் மூலத்தையும் மாற்றையும் அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

கேள்வி: நான் கருவுற்றிருக்கிறேன். பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் வந்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று என் கணவர் வீட்டார் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆபரேஷன் என்றால் கணவர் கையெழுத்து கட்டாயமா?
— வாசகி, பேரணாம்பட்டு

பதில்: கட்டாயம் இல்லை. 18 வயது நிறைந்து, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடலில் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அவருடைய சம்மதமே தேவை. சமீரா கோலி என்ற நோயாளி தொடர்ந்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தை அறுவைச் சிகிச்சைக்கான சம்மதமாகக் கொள்ள முடியாது என்றும், மயக்கத்தில் இருந்த நோயாளிக்காக அவருடைய தாயார் தந்த சம்மதம், உடனடி உயிராபத்து இல்லாத நிலையில் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. தாய்க்கே இல்லாத அதிகாரம் கணவருக்கு எங்கிருந்து வரும்? மருத்துவமனைகள் கணவர் கையெழுத்தையும் கேட்பது, பின்னால் தகராறு வராமலிருக்க அவை கடைப்பிடிக்கும் வழக்கம். அதைச் சட்டம் என்று எண்ண வேண்டாம்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. நீங்களே விரும்பினால் கேளுங்கள். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே உள்ளது. வேலூரில் வளர்ந்த எவருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டரின் கதை தெரிந்திருக்கும்: 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி மருத்துவம் படிக்காத அந்தப் பெண்ணை அழைத்தார்கள், மருத்துவரான அவருடைய தந்தை வர முன்வந்தும் ஆண் என்பதால் மறுத்தார்கள், மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கியதும், 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும் எல்லாரும் பெருமையோடு சொல்லும் பகுதி. எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு. மூன்று வீட்டு வாசலிலும் கணவர்கள் பேசினார்கள், உள்ளே துடித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களிடம் "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று எவரேனும் கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. உங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குக் காத்திராமல் நீங்களே பேசிவிடுங்கள். நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவர் எவரானாலும் எனக்குச் சம்மதம் என்று கர்ப்பகால அட்டையைப் பதியும் மருத்துவமனையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு அம்மை போட்டிருக்கிறது. படவேட்டம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். டாக்டரிடம் போனால் அம்மன் கோபிப்பாள் என்கிறார் மாமியார்.
— வாசகி, கண்ணமங்கலம்

பதில்: அம்மனை வைத்து நடுங்க வைத்த பெரியம்மை உலகிலேயே இன்று இல்லை, 1980இல் அது ஒழிந்ததாக உலகச் சுகாதார அமைப்பு அறிவித்தது. உங்கள் மகனுக்கு வந்திருப்பது சின்னம்மையாக இருக்கக்கூடும். தனி அறை, வேப்பிலை, வெளியார் வரக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவற்றை எந்த மருத்துவரும் எதிர்க்கமாட்டார். தொற்றுநோய்க்குத் தனிமை நல்லதுதான். ஆனால் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, பிள்ளை சோர்ந்து உளறினாலோ உடனே அழைத்துப் போங்கள். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மாமியாரிடம், வேண்டுதலை முறைப்படி நிறைவேற்றப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் தமிழ்ச் சமணர்கள். என் பாட்டிக்கு 91 வயது. உண்ணாமல் நோற்று உயிர்விடும் சல்லேகனையை மேற்கொள்ள விரும்புவதாகச் சொல்லி உணவைக் குறைத்து வருகிறார். குழாய் வழியாக உணவு செலுத்தச் சொல்லி என் மாமா வற்புறுத்துகிறார். இல்லையென்றால் தற்கொலைக்கு உடந்தை என்று எங்கள் மேல் வழக்கு வரும் என்கிறார்.
— வாசகர், திருமலை, போளூர் வட்டம்

பதில்: 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம், சல்லேகனை தற்கொலைக்கு ஒப்பானது என்று தீர்ப்பளித்தது உண்மை. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்ததும் உண்மை. மாமா முதல் செய்தியோடு நிறுத்திக்கொண்டிருப்பார். தெளிந்த மனமுள்ள ஒருவர் உணவுக்குழாய் வேண்டாம் என்று மறுப்பது சிகிச்சையை மறுப்பதுதான். அவரைக் கட்டிப்போட்டுச் செருக எவருக்கும் உரிமையில்லை. இந்த மண்ணுக்கு இது புதிதுமல்ல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்கு எழுப்பிய கல்வெட்டை இன்றும் காணலாம்.

ஆனால் நான் உங்களிடம் ஒன்றை வலியுறுத்துவேன். முதியவர் உணவைக் குறைப்பதற்கு நோன்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வாய்ப்புண், விழுங்குவதில் சிரமம், தைராய்டு குறைபாடு, துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் ஆகிய எதுவாகவும் இருக்கலாம்; இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. உங்கள் மரபிலும் துயரத்தாலோ வெறுப்பாலோ உயிரை விடுவது நோன்பாகாது. துறவியரின் அனுமதியும் வழிகாட்டலும் வேண்டும். எனவே ஒரு மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பாட்டியிடம் தனியாகப் பேசச் செய்யுங்கள். உங்கள் ஊர் மடத்துத் துறவியரையும் பேசச் சொல்லுங்கள். பாட்டி எந்த வேளையில் மனம் மாறி ஒரு வாய் கஞ்சி கேட்டாலும், எவரும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். மருத்துவர் பார்த்ததையும் பாட்டி சொன்னதையும் தேதியோடு எழுதி வையுங்கள். மாமாவின் அச்சத்துக்கும் அதுவே பதில்.

கேள்வி: கண்தானம் செய்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று என் மனைவி அஞ்சுகிறார். வயதான எங்கள் கண்கள் பயன்படுமா?
— வாசகர், ஆரணி

பதில்: பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில் சேர்ந்திருந்த காளத்தியில்தான் கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார். அவர் அடுத்த பிறவியில் குருடரானார் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. சிவன் வலப்பக்கத்தில் நிற்கும் பேறு பெற்றார் என்றே சொல்கிறது. இதை மனைவியிடம் நினைவூட்டுங்கள், ஆனால் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் உறுதிமொழி எழுதித் தந்திருந்தாலும், அந்த நேரத்தில் அவர் மனம் ஒப்பாவிட்டால் நடைமுறையில் எவரும் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

இது மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ தானம் தருவது போன்றதன்று. அதற்கு 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். கண் அப்படியில்லை, வீட்டில் இயல்பாக இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம். வயது தடையில்லை, கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோரும் தரலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எடுப்பதற்குப் பத்து இருபது நிமிடமே ஆகும். முகம் விகாரப்படாது, சடங்குகளும் தாமதமாகா. கண் வங்கியின் எண்ணை மனைவி, பிள்ளைகள் இருவரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். துக்க வீட்டில் அதைத் தேடிக்கொண்டிருக்க எவருக்கும் நேரம் இருக்காது.